ஞானமணி அங்கிள் வீட்டுக் கேடயம்

ஞானமணி அங்கிள் அமெரிக்காவில், எங்கள் சுகர் லேண்ட் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். தனி ஆள். சர்ச்சில் புத்தகம் பார்க்காமலே எல்லாச் சரணமும் பாடுவார். சுருதி மட்டும் அதன் இஷ்டத்துக்குப் போகும். இங்கே வருவதற்கு முன் பதினொரு வருஷம் ஜெர்மனியில் எல்மர்ஸ்பாக் என்ற கிராமத்து முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். கிளம்பும்போது ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ச் சின்னத்தைத் தகரக் கேடயமாகச் செய்து கொடுத்தார்கள். அது கராஜ் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மேலே மூன்று பார்லிக் கதிர், நடுவில் வெள்ளை அலை, கீழே பாதிச் சக்கரம்.

"அது பீர் கம்பெனி போர்டு, அங்கிள் அதுல பார்ட்னர்" என்று யூத் மீட்டிங்கில் கிளப்பிவிட்டது நான்தான். சும்மா சிரிக்கத்தான். அது சர்ச் முழுக்கப் பரவிவிட்டது. டிசம்பரில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு, அதைக் கவனிக்கும் ஷைனா ஆன்ட்டி போட்ட லிஸ்டில் அங்கிள் வீடு இல்லை.

"அந்தப் பக்கம் டிராஃபிக் ஜாஸ்திம்மா" என்றார் ஆன்ட்டி. அவர் வீடு அங்கிள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

அன்று மதியமே அங்கிள் வீட்டுக்குப் போய், கேடயத்தைக் காட்டி, "இதுக்கு என்ன மீனிங் அங்கிள்?" என்று கேட்டேன்.

"மூணு குட்டி ஊரை ஒண்ணா சேர்த்தப்போ ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் வரைஞ்சாராம். மூணு கதிர், மூணு ஊர். எங்க கதிர்தான் உசரமா இருக்கணும்னு ஒரே சண்டை. மனுஷன் மூணையும் ஒரே உயரத்துக்கு வரைஞ்சு வாயை அடைச்சுட்டார். அலைதான் ஓடை. சக்கரம், மாவு மில்லோடது."

"மீதிப் பாதி எங்கே?"

"ஓடைக்கு அந்தாண்ட வேற ஊர். மில்லு ரெண்டு ஊருக்கும் பொது. மீதி அவங்க கேடயத்துல இருக்கு." சொல்லிவிட்டுக் கேட்டார்: "கேரல் என்னிக்கு ஜோவானா? நான் ஷிஃப்ட்கூட மாத்திட்டேன்."

அவர் வீட்டில் ஆள் கூடுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஷைனா ஆன்ட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்ட்டி திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. லிஸ்டில் பெயரை எழுதினார். "அவர்கிட்டயும் நீயே சொல்லு" என்று வாசலில் நின்ற அங்கிளைக் காட்டினார்.

சொன்னேன். அங்கிள் எடுத்த கார் சாவியைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டார்.

"அதான் ஒரு மாசமா என் பெஞ்சுல யாரும் உக்காரலையா?"

"ஸாரி அங்கிள்."

"எத்தனை பேர் வர்றீங்க?"

"இருபத்திரண்டு."

"நீ ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடு. சேர் எல்லாம் நீதான் போடணும்."