கீழ் லயத்துக் கூரை மேலே போன நாள்

என் மருமகள் நேற்றிலிருந்து பண்டாரவளை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாள். மகனுடைய ஆபீஸ் பெரியவர் சாப்பிட வருகிறாராம். இத்தனை வருடம் அழுக்குச் சுவருக்குள் குடியிருந்த நாங்கள் மனிதரில் சேர்த்தி இல்லை. ஒரு மணி நேரம் சோறு தின்ன வருகிறவருக்குத்தான் சுவர் வெளுப்பாக இருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. மாமியார் வாய்க்கு இந்த வீட்டில் மராமத்து முன்பே முடிந்துவிட்டது. ஆனால் மூக்கை மூட முடியுமா? பீப்பாயில் கொதிக்கும் சுண்ணாம்பின் வாசனை ஏறியதும் லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மேல் லயத்தில், ரோட்டைப் பார்த்த கூலிக்காரர் வரிசை வீடுகளில், ஏழாவது காம்பரா எங்களுடையது. காம்பரா என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நானும் என் வீட்டுக்காரரும் கால் நீட்டிப் படுத்தால் மூன்றாவதாக அடுப்பு படுக்கலாம், அவ்வளவுதான். கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை, சரியாக அடுப்புக்கு மேலே. மழை பெய்தால் குழம்பு தானாகப் பெருகும். விருந்தாளி வரும் நாளில் வசதிதான்.

மூன்று மாதம் எங்களை மேய்க்கும் கங்காணியிடம் சொன்னோம். “தொரைகிட்ட சொல்லியிருக்கேன்” என்பார். எந்தத் துரையிடம், எந்தப் பிறவியில் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்டால் மறுநாள் எனக்குக் கிடைக்கிற கொழுந்து மலை எது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலைப் பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற அந்த இருட்டு நேரத்தில், கங்காணி எங்களை “பிள்ளைகளா” என்று கூப்பிட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தோம், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

“பிள்ளைகளா, திங்கக்கெழம கவருமெண்டு டாக்டர் லயம் பாக்க வர்றாரு. நாளைக்கு ஒருத்தரும் எங்கயும் போகக்கூடாது. லயம் பளபளன்னு இருக்கணும்.”

மூன்று மாதத்தில் முடியாதது மூன்று வேளைச் சோற்றுக்குள் முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தது கூத்து. பெண்கள் நாங்கள் லயத்துச் சாக்கடைக் கானைத் தோண்டினோம். வருடக்கணக்கில் உறைந்த சேறு, அதற்குள்ளிருந்து தொலைந்துபோன என் அகப்பை கிடைத்தது. ஆடுகளை மேல் மலைக்கு ஓட்டினோம். விடாமல் இருமிக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தொழிற்சாலைக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். டாக்டர் வருகிற நாளில் நோயாளி கண்ணில் படுவது மரியாதை இல்லையே. கித்துல் பனை நாரைக் கம்பில் கட்டி நானே சுவருக்கு வெள்ளை அடித்தேன். சுவரில் பாதி, என் தலையில் பாதி.

என் வீட்டுக்காரர் மாணிக்கத்தை லுணுகலைக்கு அனுப்பினார்கள். சுண்ணாம்பு மூட்டையைச் சுமந்து ஏறி வந்தார். “ஆணி எங்கடா?” என்றார் கங்காணி. ஆணி வாங்கச் சொல்லவே இல்லை. மறந்தது கங்காணி, நடந்தது மாணிக்கம். திரும்பவும் இறங்கினார். கடைக்கார முஸ்லிம் நானா இவரைப் பார்த்துச் சிரித்தாராம்.

“என்ன மாணிக்கம், ரெண்டாம் தரமும் வந்துட்டீங்க? ஒங்கட தோட்டத்துக்கு யாரு வாறது?”

“டாக்டருங்க நானா.”

“அப்ப ஓடுங்க. அவரு போன பொறகு ஒருத்தரும் ஆணி கேக்க மாட்டாங்க.”

மத்தியானத்துக்குப் பிறகு நாலு பேர் தகரம் சுமந்து வந்து எங்கள் கூரையில் ஏறினார்கள். ஓட்டைத் தகரம் இறங்கியது, வேறு தகரம் ஏறியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடித்த ஒவ்வோர் ஆணிக்கும் கீழே நின்று தலையாட்டினேன். அவர்கள் இறங்கிப் போனதும் உள்ளே போய், புதுமாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தேன். தகரத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை. அதில் மெழுகு வைத்து அடைத்த சிவப்புத் துணி.

அது என் பழைய சேலையில் கிழித்த துணி. போன மழைக்குச் செல்லாயிக்கு நான் கொடுத்தது.

செல்லாயி கீழ் லயத்தில் இருந்தாள். இந்தியாவிலிருந்து வந்து இரண்டு வருடம். கொழுந்து பறிக்கையில் எனக்குப் பக்கத்து நிரை. என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா. நிறைமாதம். கீழ் லயம் ஓடைக்கரையில், மரங்களுக்குப் பின்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருந்தது. தெரியாத இடத்துக்குக் கூரை எதற்கு என்று கங்காணி யோசித்திருக்கிறார். கெட்டிக்காரர்.

ஓடினேன். செல்லாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே வானம். அவள் புருஷன் எங்கள் லயத்தில் கான் வெட்டிக்கொண்டிருந்தான். தன் கூரை போனது அவனுக்கே தெரியாது.

“ரெண்டு நாளுதானே, மழ வராதுன்னாரு கங்காணி” என்றாள். மழையும் கங்காணிக்குப் பேர் கொடுத்து வேலை செய்வதுபோல.

நமுனுகுலை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. “எழுந்திரு அக்கா, நம்ம வீட்டுக்குப் போவோம்” என்றேன்.

“ஒனக்கு ஏன் தங்கச்சி வம்பு?”

“வம்பு ஒண்ணுமில்ல. ஒன் கூரை அங்கதான் இருக்கு. அதுக்குக் கீழ வந்து படு.”

என் வீட்டுக்காரர் இரண்டு நடை நடந்த களைப்பில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. “கங்காணி பாத்தா என்ன ஆகும் தெரியுமா?” என்றார். பிறகு கூரையைக் காட்டினேன். சிவப்புத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் கம்பளியை எடுத்து அவளுக்கு விரித்துவிட்டு, செல்லாயி புருஷனோடு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். மழை கங்காணியைக் கேட்காமலே பெய்தது.

திங்கள் காலை செல்லாயிக்கு வலி எடுத்தது. பக்கத்துக் காம்பராவில் பிரசவம் பார்க்கத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவளும் நானும் உள்ளே. வெளியே குதிரைச் சத்தம். துரை, டாக்டர், பின்னால் கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி. வெள்ளைக்கார டாக்டர் வருவார், தான் மொழிபெயர்த்துச் சமாளிக்கலாம் என்று அவர் திட்டம் போட்டிருந்தார். வந்தவரோ நம்மைப் போல் கறுத்த மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர்.

செல்லாயி கத்தினாள். “ஆர் உள்ளுக்குக் கத்துறது?” என்றார் டாக்டர், தமிழில். கங்காணியின் தலைப்பாகை லேசாக நழுவியதைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

“சும்மா வயித்துவலிங்க ஐயா. விருந்தாளி.”

டாக்டர் குனிந்து உள்ளே வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டார். அரை மணியில் பெண் குழந்தை பிறந்தது. மழையில் காயாத சுவரைப் பிடித்துப் பிடித்துத் தாயின் கையிலும் என் கையிலும் ஒட்டியிருந்த ஈரச் சுண்ணாம்பு பட்டு அதன் முதுகெல்லாம் வெள்ளை.

கை கழுவிக்கொண்டே டாக்டர் செல்லாயியிடம் கேட்டார்: “பிள்ளை, உம்மட வீடு எங்கை?”

வாசலில் கங்காணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசினால் என் வீட்டுக்காரர் பாடு என்ன என்று யோசித்தேன். செல்லாயி யோசிக்கவில்லை. பெற்றுப் போட்ட அசதியில் அவளுக்குப் பயமெல்லாம் போயிருந்தது.

“வீடு கீழ இருக்குங்க ஐயா. கூரை இங்க இருக்கு” என்று மேலே கையைக் காட்டினாள்.

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். என் வீரம் அவ்வளவுதான். அவர் குதிரையில் ஏறவில்லை. நடந்தே கீழ் லயத்துக்கு இறங்கினார். பின்னால் துரை, சேற்றில் பளபளக்கும் பூட்சோடு. திரும்பி வந்தபோது டாக்டர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. துரையின் காது சிவந்தது புரிந்தது.

அந்த வாரமே இரண்டு வண்டியில் புதுத் தகரம் வந்து கீழ் லயம் முழுக்கப் போர்த்தினார்கள். தான் வாதாடி வாங்கியது என்று கங்காணி ஊரெல்லாம் சொன்னார். என் வீட்டுக்காரருக்கும் பரிசு கிடைத்தது: ஒரு மாதம் முழுக்க, அட்டை மண்டிய கடைசி மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்ட வேலை. தினமும் காலில் ரத்தத்தோடு வருவார். “அந்த டாக்டர் வந்தா இன்னொரு தடவையும் சுண்ணாம்பு தூக்குவேன்” என்பார். அந்த மனிதரை எனக்கு உண்மையாகப் பிடித்துப்போனது அந்த மாதத்தில்தான். கல்யாணம் அதற்கு முன்பே நடந்துவிட்டது, அது வேறு விஷயம்.

குழந்தைக்கு வெள்ளையம்மா என்று பேர் வைத்தார்கள். நான்கு வயதில் அது என் இடுப்பை விட்டு இறங்காது. அந்த வருடம் செல்லாயியின் மாமனார் சாகக் கிடப்பதாக ஆள் வந்து சொல்லி, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார்கள். பிள்ளை ரோடு திரும்பும்வரை என்னைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டே போனது. இரண்டு மாதத்தில் வருவதாகச் சொன்னாள் செல்லாயி. வரவில்லை.

எங்கள் இருவருக்கும் எழுத்துத் தெரியாது. பின்னால் என் மகன் சிலேட்டில் எழுதியதைப் பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். எழுத வந்ததும் முதலில் செல்லாயிக்குத்தான் ஒரு கடுதாசி எழுதினேன், நாலு பக்கம். உறையில் ஊர்ப்பேர் எழுதப் பேனாவை வைத்தபோதுதான், அவள் சொன்னது மேலப்பட்டியா மேலூரா என்று யோசித்தேன். மதுரைப் பக்கம் மேலப்பட்டியே நிறைய இருக்கிறதாம்.