கண் மூடாத டீச்சர்

என் மகளின் யு.கே.ஜி. வகுப்புக்கு ஒரு வருடம் பாடம் எடுக்க நார்வேயிலிருந்து வந்திருந்தார் அந்த டீச்சர். வெயிலில் சிவந்துபோன மூக்கு. குழந்தைகளின் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால்கள் முகவாய்வரை வந்துவிடும். அது கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு.

ஒரு நாள் மகள், சாலைக் கடைத்தெருவில் இருக்கும் எங்கள் பாத்திரக்கடைக்கு வந்து புகார் சொன்னாள். "அப்பா, மிஸ்ஸு ஜெபத்துக்குக் கண்ணே மூடாது, கேட்டியா."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

மறுவாரம் அவள் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொண்டுபோனேன். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் எல்லோரும் கண்ணை இறுக்கி மூடியிருக்க, டீச்சர் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"காக்கைக்குக் காவலா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அதுவும்தான்," என்று சிரித்தார். "ஆனால் இவர்கள் அசையாமல் இருப்பது இந்த ஒரு நிமிடம்தான். மார்ச்சில் ஊருக்குப் போய்விடுவேன். கண்ணை மூடி ஜெபிக்க அங்கே நிறைய நேரம் இருக்கும்."

மார்ச்சில் அவரை வழியனுப்பும் விருந்துக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அன்றைய ஜெபத்தில் டீச்சர் கண்களை மூடிக்கொண்டார், வெகுநேரம் திறக்கவில்லை. குழந்தைகளில் ஒருவர்கூட மூடவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலோரத் தட்டிலிருந்து காக்கை ஒரு பப்படத்தைத் தூக்கிக்கொண்டு போனது. யாரும் விரட்டவில்லை.