என்னை விசாரிக்க வந்தவர்கள்

விமானிகளுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு. கண், காது, ரத்தம், இதயம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு படிவமும் தருவார்கள். தூக்கம் வராமல் இருக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று பத்துப் பன்னிரண்டு கேள்விகள். எல்லோரும் படிக்காமலேயே ‘இல்லை’க்கு நேராக டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த வருஷம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கேள்விகளைப் படித்தேன். படித்ததோடு நிற்காமல் இரண்டுக்கு ‘ஆம்’ போட்டேன்.

“யோவ், உண்மைய எழுதறதுக்கா ஃபாரம் குடுக்கறாங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டார் சீனியர் கேப்டன் ஒருவர். அவர் சொன்னது சரி என்று மறுநாளே தெரிந்தது. மூன்று மாதம் பறக்கக் கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள். அதன் பிறகு கம்பெனியின் மனநல மருத்துவர் பார்த்துச் சரி என்றால்தான் மறுபடியும் காக்பிட்டுக்குள் கால் வைக்கலாம். சரி என்று சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கடிதத்தில் இல்லை. எனக்கோ இந்த வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

திருவண்ணாமலைக்கு வந்து, அம்மாவிடம் லீவு என்று சொல்லிவிட்டு அறைக்குள் உட்கார்ந்தேன். செல்போனில் வருகிற அழைப்புக்குக் காசு பிடிப்பதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் என்னை யாரும் அழைக்கவில்லை. ஒருவன் நாள் முழுக்கப் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் எங்கள் ஊரில் அது நோயில்லை, தியானம். செங்கம் ரோட்டில் அதற்காகவே வெளிநாட்டிலிருந்து வந்து வாடகைக்கு ரூம் எடுத்திருக்கிறார்கள். நான் சொந்த வீட்டில் இலவசமாக உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது மாதம் பௌர்ணமிக்கு, என்னைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய அந்தக் கம்பெனி டாக்டரம்மா தன் கணவரோடு கிரிவலம் வந்தார். மலையைச் சுற்றி முடித்த காலையில், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, என் வீட்டுச் சூழலையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் நான் உஷாராகிவிடுவேனாம். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆப்பிளும் இரண்டு முழம் மல்லியும் வாங்கிக்கொண்டார். நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டுமென்பதால் தான் யார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்: “அந்த பைலட் தம்பியப் பத்தி சும்மா தெரிஞ்சுக்கலாம்னு வந்தோம். ஆள் எப்படிங்க?”

பூவும் பழமுமாக ஒரு தம்பதி வந்து இப்படிக் கேட்டால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அம்மாவைவிடத் தெரு அதிகமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

“தங்கமான பையங்க,” என்றார் கடைக்காரர். “வாயே தொறக்க மாட்டான். ஊருக்கு வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது, என்கிட்ட மூணு வார்த்த பேசியிருந்தா ஜாஸ்தி.”

டாக்டரம்மா நோட்டை எடுத்தார். “ஃப்ரெண்ட்ஸ் யாராவது வருவாங்களா?”

“ஒருத்தன் கிடையாது! எந்த சகவாசமும் இல்ல. ரூமு உண்டு, அவன் உண்டு.”

அதற்குள் எதிர்வீட்டு அம்மா கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். “கோவம்னா இன்னான்னே தெரியாதுங்க அவனுக்கு. சாப்பாடு குடுத்தா சாப்புடுவான், குடுக்கலன்னா கேக்கவும் மாட்டான். கொழம்புல உப்பு இல்லன்னாகூட தெரியாது. உங்க பொண்ணு குடுத்து வச்சவ.”

“எங்க பொண்ணு காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்தான் படிக்கறா,” என்றார் டாக்டரின் கணவர், பேச்சு எங்கே போகிறதென்று புரியாமல்.

“அதனால இன்னாங்க, படிப்பு முடியட்டும்,” என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார் கடைக்காரர்.

மாப்பிள்ளைக்கு எவையெல்லாம் நற்குணமோ, அவையெல்லாம் அந்த நோட்டில் நோய்க்குறிகளாக இறங்கிக்கொண்டிருந்தன. தாங்கள் சொன்னதையெல்லாம் கடைக்காரரும் எதிர்வீட்டு அம்மாவும் பிற்பாடு என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். நான் நன்றி சொன்னேன்.

அடி அண்ணாமலை வரை நடந்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது அவர்கள் எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியில் பார்த்த முகம், உடனே தெரிந்துவிட்டது. அம்மா பட்டுப்புடவைக்கு மாறியிருந்தாள். கேசரி தயாராகிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா முன்பின் அறியாதவர் போல எனக்கு வணக்கம் சொன்னார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்பதால் நானும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை மாதிரியே தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

அம்மா கேசரியை வைத்துவிட்டு என்னை உள்ளே போகச் சொன்னாள். போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“தெருவுல எல்லாரும் நல்லவிதமாதான் சொல்லியிருப்பாங்க. நம்பாதீங்கம்மா,” என்று அவள் சொல்வது கேட்டது. “ஒரு பொண்ணோட வாழ்க்க, மறைக்கக் கூடாது. அவன் சரியா இல்ல. லீவுன்னு சொல்றான். மூணு மாசம் எந்தக் கம்பெனிக்காரன் லீவு குடுக்கறான்? பாத்ரூம்ல கொழாயத் தொறந்து வுட்டுட்டு அழறான். பக்கெட் ரொம்பி வழியுது. நான் வெளிய நின்னு கேட்டுட்டு இருக்கேன். இன்னாடான்னு கேட்டா இன்னும் ஜாஸ்தியாயிடுமோன்னு பயந்து கேக்கல. எம்புள்ளைக்கு சரியாவட்டும், அப்பறமா வாங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தெரு தெரியாமல் என்னைக் காட்டிக்கொடுத்தது, அம்மா தெரிந்தே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. இப்போதைக்குப் பறக்கத் தகுதியில்லை, மூன்று மாதம் சிகிச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் வர வேண்டும். டாக்டரம்மா அன்றே போனிலும் கூப்பிட்டார். கேசரி வந்தபோதுதான் தன்னை யாரென்று நினைத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்ததாம். தெருவில் கேட்டதையெல்லாம் அடித்துவிட்டு அம்மா சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டாராம். அந்தச் சிகிச்சை முடிந்து நான் திரும்பவும் பறந்தேன். ஆனால் கடிதம் வந்த அன்று அது எனக்குத் தெரியாது.

நேரே சமையலறைக்குப் போய்க் கத்தினேன். “அவங்க பொண்ணு வீடு இல்லம்மா. கம்பெனி டாக்டர். எனக்கு மனசு சரியா இருக்கான்னு பாக்க வந்தாங்க. நீ சொன்னத வச்சி பிளேன் ஓட்டக் கூடாதுன்னு எழுதிட்டாங்க.”

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். “பிளேன்ல எத்தினி பேருடா போவாங்க?”

“நூத்தம்பது பேர். ஏன்?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஒரு பொண்ணுக்காகன்னுதான்டா அவ்ளோ சொன்னேன். நூத்தம்பது பேருன்னு தெரிஞ்சிருந்தா மிச்சத்தையும் சொல்லியிருப்பேன்.”