சர்வர் இல்லாத வகுப்பு

என் மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக, என்னை நம்பிப் படித்த இன்னொரு பையனுக்கு வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். சுற்றிவளைத்து எழுதினால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்லூரியில் கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, தஞ்சாவூரில் ஒரு மாடியறையில் அபாப் என்கிற கணினி மொழியைக் கற்றுக்கொடுத்தேன். பெரிய கம்பெனிகளின் கணக்குவழக்கை நடத்தும் ஜெர்மானிய மென்பொருளுக்கான மொழி அது. படித்தால் அமெரிக்காதான் என்று ஊரே பேசியது. ஆனால் அந்த மென்பொருள் ஓடும் சர்வர் என்னிடம் இல்லை. சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய் நான் மட்டும் அதில் பழகிவிட்டு வந்திருந்தேன். பிள்ளைகள் நிரலைக் காகிதத்தில் எழுதி நீட்டுவார்கள். சரியா தப்பா என்று நான் சொல்வதுதான் முடிவு.

கூத்தாநல்லூர்ப் பையன் ஒருவன் வகுப்பில் முதல். சென்னையில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது, ஒரே இடம். அது கிடைக்காவிட்டால் துபாயில் மாமாவின் மளிகைக் கடைக்குப் போக வேண்டும் என்று அவன் அத்தா சொல்லியிருந்தார். அதே வகுப்பில் படித்த என் மகனும் அந்த இடத்துக்குத்தான் போட்டியிட்டான்.

தேர்வுக்கு முந்தின வாரம் கூத்தாநல்லூர்ப் பையன் வகுப்பில் எழுந்தான். "சார், டாப் ஆஃப் பேஜ் இவென்ட்ட நிரலோட அடியில எழுதினாலும் தலைப்பு பக்கத்துக்கு மேலதானே வரும்?"

அவன் கேட்டது சரி. பக்கத்தில் எழுதச் சொல்லும் ரைட் என்ற கட்டளை முதல்முறை ஓடும்போது, டாப் ஆஃப் பேஜ் என்கிற தலைப்புப் பகுதி எங்கே எழுதப்பட்டிருந்தாலும் சிஸ்டமே அதைத் தேடிக் கூப்பிடும். நேர்முகத் தேர்வுகளில் வழக்கமாகக் கேட்கிற கேள்வி.

"எழுதின வரிசையிலதான்டா ஓடும்," என்றேன். "உங்க மாமா கடை பில்லுல கடைப்பேரு அடியிலயா இருக்கு? போ, போயி பருப்பு பொட்டலம் கட்டிப் பழகு."

வகுப்பே சிரித்தது, என் மகனும் சேர்ந்துதான். பையன் என் பதிலை எழுதிக்கொண்டு உட்கார்ந்தான். அன்று சாயங்காலம் வீட்டில் மகனுக்குச் சரியான விடையைச் சொன்னேன். "வெளியில சொல்லாத" என்றும் சொன்னேன்.

நேர்முகத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. மகனுக்கு வேலை கிடைத்தது, பிறகு அமெரிக்காவும் போனான். கூத்தாநல்லூர்ப் பையன் துபாய்க்குப் போனான்.

போன வருஷம் அவன் ஊரோடு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு கூத்தாநல்லூருக்குப் போனேன். தாடி நரைத்திருந்தது. நாற்காலி போட்டு டீ வரவழைத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். உன் மகனுக்கு என் மகன் மூலம் அமெரிக்காவில் ஒரு வழி செய்கிறேன் என்றேன்.

அவன் டீயைக் கீழே வைத்தான். "உங்க மகனுக்கு இது எப்ப தெரியும் சார்?"

"அன்னிக்கே."

"மெட்ராஸுக்கு ரெண்டு பேரும் ஒரே ரயில்லதான் போனோம். நீங்க சொன்ன பதில அவர்கிட்ட ஒப்பிச்சுக் காட்டுனேன். கரெக்ட்டுடான்னாரு." என் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "என் பையனுக்கு அவரு ஒண்ணும் செய்ய வேணாம் சார். நீங்க டீயக் குடிங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து மகனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்கதானேப்பா சொல்லாதன்னீங்க?" என்றான். "இப்ப எதுக்கு அங்க போயி என் பேரையும் இழுத்துவிட்டீங்க?"

பதில் சொல்வதற்குள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.