ஐந்து விரல் அச்சு

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூமில் தகடு வெட்டும் அச்சு செய்யும் வேலை பார்த்தவர். பிரஸ் மெஷினில் வலது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போன பிறகு, யாருக்கும் எதையும் கையில் கொடுப்பதையே விட்டுவிட்டார். இடது கையால் கொடுத்தால் மரியாதையில்லை. வலது கையை வெளியே எடுக்க மனமில்லை. கூரியர்காரர் பேனா கேட்டால் படிக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தக் கை எப்போதும் துண்டுக்குள் இருக்கும். எட்டு மாதம் இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் கத்தியே விட்டேன். பிறகு நானே சமையலறையில் போய் அழுதேன்.

நான் கேழ்வரகு பிஸ்கட் சுட்டு விற்பது மேனாம்பேட்டில் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பின் தெருப் பெண் ஒருத்தி, மகளின் முதல் பிறந்தநாளுக்கு அந்தக் குழந்தையின் கை வடிவத்திலேயே பிஸ்கட் கேட்டாள். குழந்தை தூங்கும்போது கையைத் தாளில் விரித்து வைத்து வரைந்து கொண்டுவந்திருந்தாள். மாவை அப்படி வெட்டும் கட்டர் எந்தக் கடையில் கிடைக்கும்? தாளை அவர் முன்னால் போட்டேன்.

"உன்னால முடியலன்னா சொல்லு, வேணாம்னுடறேன்," என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

பரணிலிருந்து டூல் பெட்டியை இறக்கினார். எவர்சில்வர் பட்டை ஒன்றை நறுக்கிக்கொண்டு, பிளேயரைக் கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் பிடித்தார். இரண்டு முறை நழுவி விழுந்தது. மூன்றாவது முறை நின்றது. ஸ்க்ரூ டிரைவர் தண்டில் பட்டையைச் சுற்றி, ஒவ்வொரு விரல் நுனியாக வளைத்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. டிபன் கட்டிக் கொடுத்ததோடு சரி. அவர் நினைத்த இடத்தில் தகடு திரும்பியது. இப்படிப்பட்ட கையோடா இத்தனை நாள் குடித்தனம் நடத்தினோம் என்று மலைத்து நின்றேன்.

முதல் தட்டு ஓவனிலிருந்து வந்தபோது ஐந்து விரலும் ஒட்டிக்கொண்டு தோசைத் திருப்பி மாதிரி இருந்தது.

"டிராயிங்ல இன்னா கீதோ அப்டியே போட்டேன்," என்று கட்டரைத் தாளின் மேல் வைத்துக் காட்டினார். கோட்டை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை.

"மாவு இன்னா இரும்பா? சூட்டுல பரவாதா?"

அவர் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருவது வருசமா தகடு வெட்டிகினு கீறேன். வெட்டினப்புறம் வளர்ற சாமானை இப்பதான் பாக்குறேன்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

விரல்களை ஒல்லியாக்கி, இடைவெளியை அகலமாக்கி மறுபடி வளைத்தார். அடுத்த தட்டு நிறையக் குட்டிக் கைகள். ஒன்றைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டி கூடத்து மேஜையில் இருந்தது. நான் உள்ளேயே நின்று பாத்திரம் தேய்த்தேன்.

"அச்சு யாருண்ணா செஞ்சது?"

"நான்தான்மா."

எட்டிப் பார்த்தேன். துண்டு நாற்காலியில் கிடந்தது. வலது கையால் பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்கிக்கொண்டாள். குழந்தை குனிந்து அவருடைய மோதிர விரலைப் பிடித்துக்கொண்டது. அது விடும்வரை அவர் கையை எடுக்கவில்லை.