வெல்டிங் வண்டிக்கு எலுமிச்சம்பழம்

அன்று மாத்தூர்ப் பட்டறையில் இருந்தது நான், என் மனைவி, வெல்டர் ஆரோக்கியம், புது மெஷினை ஓட்டிக் காட்ட வந்த கம்பெனிக்காரர், அவ்வளவுதான்.

வந்தவர் ஒல்லியான ஆள். எதையும் முதலில் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார், டீ கிளாஸைக்கூட.

மெஷின் என்பது நாலு சக்கரம் வைத்த சின்ன வண்டி. இரும்புப் பிளேட்டின் மேல் தானாக ஊர்ந்து வெல்டிங் அடிக்கும். கையால் ஒரு நாள் ஆகிற வேலையை மத்தியானத்துக்குள் முடிக்கும் என்றார்கள். அதை நம்பிக் கடன் வாங்கிவிட்டு, தூக்கமில்லாமல் கிடந்தேன். சக்கரம் இருக்கிறதே என்று, பிளேட்டின் மேலேயே நாலு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றச் சொன்னேன்.

"நம்பர் பிளேட்டு எப்பண்ணே மாட்டுறீங்க?" என்றான் ஆரோக்கியம்.

பழம் நசுங்கியதும் அதே பிளேட்டில் வண்டியை ஓட்டினார் கம்பெனிக்காரர். அடித்த வெல்டிங் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை.

"போச்சா?" என்றாள் மனைவி.

அவர் பிளேட்டைப் புறங்கையால் தொட்டார். "பழச்சாறுங்க. ஈரத்துல அடிச்சா ஓட்டை விழத்தான் செய்யும். மெஷின் நல்லாருக்கு."

பிளேட்டைத் துடைத்துச் சூடு காட்டினார். பிறகு யாரும் சொல்லாமலே கடைக்குப் போய் நாலு பழம் வாங்கி வந்து, வண்டியைத் தரையில் வைத்து ஏற்றி, சக்கரத்தைத் துடைத்துவிட்டு ஓட்டினார். வெல்டிங் நூல் பிடித்தது போல வந்தது.

"உங்களுக்கும் இதுல நம்பிக்கை உண்டுங்களா?" என்றேன்.

"மெஷினுக்கு இல்லீங்க. நாளைக்கு ஓட்டப்போறது நீங்க, கை நடுங்கக் கூடாதுல்ல."

கிண்டலா, கரிசனமா என்று இன்றுவரை தெரியவில்லை. மெஷின் கடன் அடைந்துவிட்டது. அவருக்குத் தர வேண்டிய பழக்காசு நாற்பது ரூபாய்தான் இன்னும் பாக்கி.