கட்டிப் போட்ட வளையம்

"...அதான் மேஸ்திரி, ஆடிக் கறக்கற மாட்ட ஆடித்தான் கறக்கணும். நீ அதும் காலக் கட்டிட்ட," என்றார் டிரைவர். அவர் விரல் நான் வைத்த வெல்டிங்கின் மேல் இருந்தது.

சித்தூர் ஷெட்டில், சாக்கின் மேல், பஸ் எஞ்சினைச் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டாக முறிந்து கிடந்தது. பக்கத்தில் அதன் முன்முனைப் புல்லி. முதலாளி அந்த பஸ் கண்டக்டரின் சாவு வீட்டுக்குப் போயிருந்தார். அங்கிருந்து வண்டி இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு நேரே வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வெல்டிங் அவர்கள் கண்ணில் பட்டால் பழி எனக்கு. படாவிட்டால், தாறுமாறாக ஓட்டி முறித்தான் என்று டிரைவருக்கு.

அந்தப் புல்லியில், மாட்டுவண்டிச் சக்கரத்தில் இருப்பதுபோல் நடுவே ஒரு குடம், வெளியே கனத்த வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ரப்பர் இற்று வளையம் ஆடத் தொடங்கியதும் புதிது கேட்டேன். எல்லை பிரித்து, திருத்தணி மதராஸ் பக்கமும் நாங்கள் ஆந்திரப் பக்கமும் ஆன புதிது அது. மதராஸிலிருந்து வரும் சாமானுக்கு எல்லையில் காகிதம் கேட்டார்கள். பெட்டி வரவில்லை. முதலாளியோ அவசரப்படுத்தினார். நான் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவன். ஆடுகிற பல்லைப் பிடுங்கு, இல்லாவிட்டால் கட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். வளையத்தையும் குடத்தையும் நான்கு இடத்தில் சேர்த்து வெல்டிங் வைத்தேன். கல் மாதிரி நின்றது.

முதல் வாரமே டிரைவர் சொன்னார், ஒரு வேகம் வந்தால் பெடல் மிதிக்கும் காலில் எறும்பு ஊறுகிறது என்று. "வூட்ல சக்கர டப்பால கால வெச்சிட்டு வந்தியா?" என்றேன். ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். அதன்பின் அந்த வேகத்தில் நிற்காமல் மேலேயோ கீழேயோ தாண்டிவிடுவார்.

பின்னாளில் கேட்டும், எழுத்துக் கூட்டிப் படித்தும் நான் தெரிந்துகொண்டது இது. எஞ்சினுக்குள் ஒவ்வொரு வெடிப்பும் ஷாஃப்டை ஈரத்துணிபோல் மயிரளவு முறுக்குகிறது; அது திமிறித் திரும்புகிறது. பின்முனையைக் கனத்த ஃப்ளைவீல் பிடித்துக்கொள்வதால் துடிப்பெல்லாம் முன்முனைக்குத்தான். ஏதோ ஒரு வேகத்தில் வெடிப்பின் தாளமும் ஷாஃப்டின் தாளமும் ஒன்றாகிவிட்டால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியதுபோல் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அதை வாங்கி ரப்பரில் சூடாக்கித் தணிக்கத்தான் அந்த வளையம் சற்றுப் பின்தங்கி ஆடுகிறது. நான் அதை வெறும் பாரமாக்கிவிட்டேன்.

ஷாஃப்ட் முறிந்த அன்று பாகாலாவுக்கு முந்தின மேட்டில் பஸ் நிறைய ஜனம். கண்டக்டர் வழக்கம்போல, "நின்னா காத்து, குந்தினா தூக்கம், ரெண்டுக்கும் ஒரே சார்ஜு" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தாராம். முன்னால் கரும்பு வண்டிகள். தாண்ட வழியில்லாமல், எறும்பு ஊறும் அந்த வேகத்திலேயே மேடு முழுக்க ஏற வேண்டியதாயிற்று. படீரென்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. பிரேக் போட்டும் பஸ் பின்னால் நழுவியது. கண்டக்டர் முட்டுக்கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் ஓடினார். பஸ் நின்றது. அவர் மேல்தான் நின்றது.

ஷெட்டில் டிரைவரிடம், நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்ல மாட்டாரா என்ற ஏக்கம் என் குரலிலேயே இருந்தது.

"கால் எனக்குச் சொல்லிச்சு மேஸ்திரி," என்றார். "நீ சிரிச்ச. நானும் சிரிச்சிக்கினே ஓட்டினேன்."

இன்ஸ்பெக்டரிடம் நான் வெல்டிங்கைப் பற்றிச் சொல்லவேயில்லை; பழி டிரைவர்மேல் விழுந்தது. அதன்பிறகு அவரை நம்பி யாரும் வண்டி கொடுக்கவில்லை. கடைசியில் திருப்பதி ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார். அங்கே இறங்கும்போதெல்லாம் நான் அவர் நிற்காத வாசலாகப் பார்த்து வெளியேறுவேன்.

அன்று ஷெட்டுக்கு வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் கிரீஸ் டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். என் நான்கு வெல்டிங்கின் மேலும் தடியாகப் பூசினார். தரைப் புழுதியை எடுத்து அதன்மேல் தூவினார். கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.